எஃப் இல்லாத பட்டியல்

‘அவன் ஒரு ஃபோர் ட்வென்டி’ என்று சொல்லும்போது யாரும் சட்டப் புத்தகத்தை நினைப்பதில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு எண் அது. எப்போதோ நீதிமன்றப் படியிறங்கி, சினிமாவுக்கும் டீக்கடைக்கும் வந்து, கடைசியில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 2024 ஜூலை 1 அன்று அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஏமாற்றுக் குற்றம் இப்போது 318. கொலைக்கு 302 போய் 103. கூட்டம் கூடத் தடை போடும் 144, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. அதுவும் 163 ஆகிவிட்டது. ஆனாலும் ‘அவன் ஒரு த்ரீ எய்ட்டீன்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஊர்ல 144 போட்டுட்டாங்க’ என்றுதான் வாட்ஸ்அப்பில் இன்னமும் வருகிறது.

419-க்கும் 421-க்கும் நடுவில் ஓர் இடமாகத்தான் 420 பிறந்தது. பிறகு அது பெயராகிவிட்டது. பெயரான பிறகு வரிசை கலைந்தாலும், சட்டமே போனாலும், அது நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேட்க இலக்கியம் போல இருந்தாலும், நான் இதற்கு வந்துசேர்ந்தது எச்டிஎம்எல் வழியாக.

நான் மென்பொருள் எழுதுகிறவன். தீர்ப்புகள், ஆணைகள், விதிமுறைகள் என்று எண்ணிட்ட பத்திகளாக வரும் ஆவணங்களை இணையப் பக்கங்களாக்கும் வேலையும் அவ்வப்போது வரும். ஒவ்வொரு முறையும் முதல் நாளே எழும் கேள்வி ஒன்று உண்டு: எண்ணிட்ட பத்தியை எந்த டேகில் எழுதுவது? புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டான். “ப்ரோ, ஆர்டர்ட் லிஸ்ட் தானே? இதுக்கெல்லாமா மீட்டிங்?”

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எச்டிஎம்எல்-இல் வரிசைப் பட்டியலுக்கென்றே ‘ஓஎல்’ என்ற டேக் உண்டு. ஒவ்வொரு உருப்படியையும் ‘எல்ஐ’க்குள் போட்டுவிட்டால் போதும். 1, 2, 3 என்று எண்ணிப் போடுவதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒன்றைச் செருகினால் கீழே உள்ள எல்லாம் தானே ஒன்று தள்ளிப்போகும். ஒன்றை நீக்கினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும். வசதிதான். சிக்கலும் அந்த வசதியில்தான் இருக்கிறது.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19(1)-ஐ எடுத்துக்கொள்வோம். பேச்சுரிமையும் கருத்துரிமையும் அங்கேதான் இருக்கின்றன. அதன் கீழே ஏ, பி, சி, டி, ஈ என்று உரிமைகள் வரிசையாக வரும். ஈ-க்கு அடுத்து வருவது ஜி. எஃப் கிடையாது. எஃப் என்பது சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உள்ள உரிமையாக இருந்தது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதே திருத்தம் 31-ஆம் பிரிவையும் எடுத்தது. சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் வீட்டிலிருந்து வெளியேறி, 300ஏ என்ற புதிய முகவரிக்குக் குடிபோனது. 31 போய்விட்டாலும் 31ஏ, 31பி, 31சி மூன்றும் இன்றும் இருக்கின்றன. அப்பா இல்லாத வீட்டில் அவர் இனிஷியலைப் போட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகள்.

இப்போது 19(1)-ஐ ஓஎல் போட்டு எழுதிப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்து வரவேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். பிரவுசர் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று அழகாகப் போட்டுத் தரும். திரையில் எந்தப் பிழையும் தெரியாது. ஆனால் தொழில் செய்யும் உரிமையான ஜி, அங்கே எஃப் ஆகியிருக்கும். நாற்பது வருடங்களுக்கும் முன்பே நீக்கிய உரிமையின் பெயர்ப்பலகையை இன்னொரு உரிமையின் வாசலில் மாட்டிவைத்திருப்போம். சற்றுக் கீழே 19(6) ‘ஜி’-யைக் குறிப்பிட்டுப் பேசுகிறது. அந்தப் பக்கத்தில் அப்படியொரு ‘ஜி’யே இருக்காது.

இதற்கு பிரவுசரைக் குறைசொல்ல முடியாது. எண் என்றால் இடம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இடத்தை எண்ணித் தந்தது. சட்டத்தை எழுதியவர்களுக்கோ எண் என்றால் பெயர். ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் தம்பிக்கு அண்ணன் பெயரை வைப்பதில்லை அல்லவா?

ஆவணத்தில் ஓர் எண்ணுக்கு இரண்டு பருவங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வரைவாக இருக்கும்வரை எண் வெறும் இடம். நீதிபதியோ அதிகாரியோ பத்திகளை முன்னே பின்னே நகர்த்துவார், ஒன்றை இரண்டாக உடைப்பார். அப்போது தானியங்கி எண்தான் வேண்டும். கையால் எண் போட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கையெழுத்து விழும் நொடியில் அந்தப் பருவம் முடிகிறது. அதன்பிறகு ‘பத்தி 47’ என்று மேல்முறையீட்டு மனுவில் ஒருவர் எழுதுவார். எதிர்த்தரப்பு வக்கீல் அதே 47-ஐச் சொல்லி மறுப்பார். பத்து வருடம் கழித்து வேறொரு தீர்ப்பு அந்த 47-ஐ மேற்கோள் காட்டும். ஆவணத்துக்கு வெளியே இருக்கும் ஆயிரம் தாள்கள் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். இனி அதை யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கக்கூடாது, படிக்க மட்டும்தான் வேண்டும்.

நாம் இணையப் பக்கமாக்குவது பெரும்பாலும் கையெழுத்து விழுந்த ஆவணத்தை. ஆனால் பயன்படுத்தும் கருவிகளோ வரைவுக் காலத்துக்கானவை.

மார்க்டவுன் இதற்கு நல்ல உதாரணம். அதில் 5 என்று ஒரு வரியும் அடுத்து 7 என்று ஒரு வரியும் தொடங்கினால், இன்று பரவலாக உள்ள காமன்மார்க் விதிப்படி 5, 6 என்றுதான் வெளியே வரும். முதல் எண்ணை மட்டும் மதிக்கும், மற்றதையெல்லாம் தானே எண்ணிக்கொள்ளும். 2004-இல் வந்த மூல மார்க்டவுன் முதல் எண்ணைக்கூட மதிக்காது. ஏழை ஏழு என்று தட்டச்சு செய்தவருக்கு ஒரு எச்சரிக்கைகூட வராது.

எச்டிஎம்எல்-இல் வழியே இல்லாமல் இல்லை. ஓஎல்-இல் ‘ஸ்டார்ட்’ என்று தொடக்க எண்ணைக் கொடுக்கலாம். எல்ஐ-யில் ‘வேல்யூ’ என்று அந்த உருப்படிக்கான எண்ணையே கொடுக்கலாம். ஏழாவது எழுத்து என்று சொன்னால் ‘ஜி’ வந்துவிடும். இந்த இரண்டுக்கும் ஒரு கதை உண்டு. 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4, இவை தோற்றம் சம்பந்தப்பட்டவை, இனி பயன்படுத்தாதீர்கள் என்று ஓரங்கட்டியது. எண் என்பது அலங்காரம், அலங்காரமென்றால் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அன்றைய எண்ணம். 2014-இல் எச்டிஎம்எல் 5 அவற்றை மரியாதையோடு திரும்ப அழைத்துக்கொண்டது. சில ஆவணங்களில் எண்ணைச் சொல்லித்தான் உருப்படியைக் குறிப்பிடுவார்கள், அங்கே எண் அர்த்தத்தின் பகுதி என்று தரநிலை இப்போது ஒத்துக்கொள்கிறது.

ஆனாலும் ‘வேல்யூ’ பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும். அதில் 7ஏ என்று கொடுக்க முடியாது. முழு எண் மட்டும்தான் செல்லும். நம் சட்டங்களில் இடைச்செருகல் எல்லாமே 21ஏ, 51ஏ என்ற ரகம்தான். இன்னொன்று, பட்டியலில் பிரவுசர் போடும் எண் பக்கத்தின் உரையில் இருப்பதில்லை. மவுஸை இழுத்து அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. கன்ட்ரோல் எஃப் போட்டு ‘47.’ என்று தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் எண் கூட வருமா என்பது எங்கிருந்து எடுத்து எங்கே ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. சிஎஸ்எஸ் கவுன்ட்டர் வைத்து எண் போட்டால் 7ஏ கூடக் காட்டலாம், ஆனால் நிலைமை இன்னும் மோசம். ரீடர் மோடில் பக்கத்தின் அலங்காரத்தோடு எண்ணும் சேர்ந்து கழன்றுவிடும்.

இன்று இன்னொரு வாசகரும் உண்டு. பக்கத்தின் உரையை மட்டும் உருவிக்கொண்டு போகும் நிரல்கள். அப்படி உருவும்போது ஓஎல் போட்ட எண் எதுவும் கூடவராது. எண்ணே இல்லாத உரையைப் படித்துவிட்டு ஏதோ ஒரு சாட்பாட் ‘பத்தி 23-இல் நீதிமன்றம் சொல்கிறது’ என்று பதில் சொன்னால், அந்த 23 எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பொறியாளர்களுக்கான நுணுக்கம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாமல் போனதற்குக் காரணம் அப்பா. ஓய்வூதியத்தில் ஏதோ ஒரு நிலுவை கேட்டு எழுதியிருந்தார். வந்த பதில் நான்கே வரி. ‘மேற்படி ஆணையின் பத்தி 11-இல் கண்டுள்ள நிபந்தனையின்படி தங்கள் கோரிக்கை ஏற்க இயலாது.’ ஆட்சேபிப்பதானால் முப்பது நாளுக்குள் எழுத வேண்டும். அந்த ஆணை இணையத்தில் இருந்தது. அப்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டு போன் செய்தார்.

“ஏம்ப்பா, பதினொண்ணே இல்லையே இதுல.”

“நல்லா கீழ வரைக்கும் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். நாலு வரைக்கும்தான் போவுது. அப்புறம் தலைப்பு போட்டு மறுபடி ஒண்ணுலேருந்து வருது. மூணு ‘மூணு’ இருக்கு. எந்த மூணு?”

என்ன நடந்திருக்கும் என்று கேட்டவுடனே புரிந்துவிட்டது. ஓஎல்-க்குள் நேரடியாக எல்ஐ மட்டும்தான் வரலாம், தலைப்பு வரக்கூடாது. அதனால் ஒவ்வொரு தலைப்புக்கும் பட்டியலை மூடித் திறந்திருக்கிறார்கள். ‘ஸ்டார்ட்’ கொடுக்கவில்லை. ஒவ்வொரு பட்டியலும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டது.

மேலிருந்து பதினொன்று எண்ணிப் பார்க்கச் சொல்லலாமே என்று தோன்றும். நான் சொல்லவில்லை. ஆணைகளில் பின்னால் செருகிய பத்திகள் இருக்கும் என்பது தொழிலில் பழகிய விஷயம். “யார்கிட்டயாவது பேப்பர் காப்பி இருக்கான்னு கேளுங்கப்பா” என்றேன். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு வாரம் கழித்து ஜெராக்ஸ் அனுப்பினார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் 7ஏ இருந்தது. வரிசையாக எண்ணியிருந்தால் பத்தாவது பத்தியில் போய் நின்றிருப்போம். அது தேதிகளைப் பற்றியது. அப்பாவின் கோரிக்கையை மறுத்த நிபந்தனை அதற்கு அடுத்த பத்தியில் இருந்தது, அதற்கு ஒரு விதிவிலக்கும் இருந்தது. அந்த விதிவிலக்கைச் சொல்லித்தான் அவர் பதில் எழுதினார். முப்பது நாளில் எட்டு நாள், ஒரு எண்ணைத் தேடுவதில் போயிருந்தது.

வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ளவருக்கு ஆவணம் எப்படியும் கைக்கு வரும். இணையத்தில் இருக்கும் பிரதியை மட்டுமே நம்பியிருப்பவர் தனியாக மனு எழுதும் ஆள்தான். எண் பிசகினால் முதலில் அடிபடுவதும் அவர்தான்.

கண்ணால் படிக்காதவர்களும் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா எதிர் அஜய் குமார் சூட் வழக்கில், தீர்ப்பு எழுதுவது எப்படி என்பதைப் பற்றியே பேசியது. இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று புரியவே இல்லை என்பதுதான் தொடக்கம். தீர்ப்புகளில் பத்திகளுக்கு எண் இருக்க வேண்டும் என்று அதில் சொன்ன நீதிமன்றம், பார்வை மாற்றுத்திறனாளிகள் படிக்கும்படியாகவும் அவை இருக்க வேண்டும் என்றது. கண்ட இடத்தில் வாட்டர்மார்க் போடுவது, அச்சிட்டதை ஸ்கேன் செய்து ஏற்றுவது இரண்டும் ஸ்கிரீன் ரீடருக்கு இடைஞ்சல் என்பதையும் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குப் பொதுவான மேற்கோள் எண்ணைக் கொண்டுவந்தது. ஆண்டு, ஐஎன்எஸ்சி என்ற எழுத்துகள், வரிசை எண். எந்தச் சட்ட இதழை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே எண். இங்கிலாந்து நீதிமன்றங்கள் 2001-இலேயே இப்படி ஆரம்பித்து, பத்தி எண்ணையும் சேர்த்துக் கட்டாயமாக்கின. பக்க எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பத்தி எண் அப்படி மாறாது, நாம் மாற்றாமல் இருந்தால்.

ஸ்கிரீன் ரீடர் என்றதும் ஓஎல் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பட்டியல் என்று சொன்னால்தானே அது ‘பட்டியல், இத்தனை உருப்படிகள்’ என்று அறிவிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நூற்றிருபது பத்தி கொண்ட தீர்ப்பைப் பட்டியல் என்று யாராவது நினைப்பார்களா? அது தொடர்ச்சியான வாதம். கேட்பவருக்கு வேண்டியது ‘நாற்பத்தேழு’ என்ற சொல் அந்தப் பத்தியின் தொடக்கத்தில் காதில் விழுவது. எண் உரையிலேயே இருந்தால் எந்தக் கருவியும் அதைப் படித்துவிடும். பட்டியலையும் வைத்துக்கொண்டு எண்ணையும் கையால் எழுதினால் இரண்டு எண் வரும். அதைத் தவிர்க்க பட்டியலின் எண்ணை மறைத்தால், ஆப்பிளின் வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியலாகவே மதிக்காது. சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்போம்.

அப்படியென்றால் ‘பி’ டேகில் எண்ணோடு எழுதிவிட்டுப் போகலாமா? அங்கேயும் ஒரு மேடு இருக்கிறது. பி டேகுக்குள் பட்டியல் வைக்க முடியாது. பட்டியல் தொடங்கிய உடனே பிரவுசர் பி-யை மூடிவிடும். சட்ட ஆவணத்தின் பத்தியோ, ‘கீழ்க்காணும் காரணங்களால்’ என்று தொடங்கி, (அ), (ஆ), (இ) என்று மூன்று காரணம் சொல்லி, ‘எனவே இம்மனு தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று முடியும். நடுவில் இன்னொரு தீர்ப்பிலிருந்து நான்கு பத்திகளை அவற்றின் எண்களோடு எடுத்துப் போட்டிருக்கும். இத்தனையும் சேர்ந்து ஒரே பத்தி 47. எச்டிஎம்எல்-இன் பத்தியும் வக்கீலின் பத்தியும் ஒன்றல்ல.

ஆகவே நான் செய்வது இதுதான். பத்தி முழுவதற்கும் ஒரு டிவ். அதற்கு ஆவணத்தின் எண்ணையே ஐடி-யாகக் கொடுப்பேன், 7ஏ என்றால் 7ஏ. உள்ளே முதலில் எண், எழுத்தாகவே, அந்தப் பத்திக்கான இணைப்பாக. சொடுக்கினால் முகவரிப் பட்டையில் அந்தப் பத்தியின் முகவரி வந்து நிற்கும், நண்பருக்கு அனுப்பலாம். பிறகு தேவையான பி-க்கள், மேற்கோள்கள். எண்ணை இடப்பக்கம் தள்ளி அழகாக வைப்பது மட்டும் சிஎஸ்எஸ் வேலை. சட்ட ஆவணங்களுக்கென்றே உருவான அகோமா என்டோசோ என்ற எக்ஸ்எம்எல் வடிவம் ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களுக்கான ஐநா முயற்சி ஒன்றில் பிறந்தது. அதில் எண்ணுக்கென்று ‘நம்’ என்று தனி டேக்கே இருக்கிறது. எண்ணை எழுத்தாக உள்ளே எழுத வேண்டும். சட்டத்தோடு பழகியவர்கள் கட்டிய வீட்டில் எண்ணுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். எச்டிஎம்எல்-இல் அந்த அறை இல்லை, திண்ணையில்தான் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது.

இதை ஒரு பொதுவிதியாக்கி எல்லா எண்ணையும் கையால் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணைப் போட்டது யார் என்று பார்க்க வேண்டும். குறள் எண்ணைப் பாருங்கள். இன்று நாம் சொல்வது பரிமேலழகர் உரையின் வைப்புமுறைப்படி. மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை வேறு. தொல்காப்பியத்தில் நூற்பாக்களின் எண்ணிக்கையே உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அங்கெல்லாம் எண் பதிப்பின் பெயர். அதைத் தரும்போது எந்தப் பதிப்பு என்று சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அதுவும் பெயர்தான் என்பதால் அதையும் பிரவுசரை எண்ண விடமாட்டேன். சாம்பார் வைக்கும் முறையை நான்கு படிகளாக எழுதினால், அங்கே ஓஎல்-ஐவிடப் பொருத்தமான டேக் கிடையாது. பெருங்காயத்தைச் சேர்க்க ஒரு படி கூடினால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகட்டும். ‘உங்கள் மூன்றாவது படியின்படி எனக்கு உரிமை உண்டு’ என்று யாரும் வந்து நிற்கப்போவதில்லை.

அந்தப் பையனுக்கு இந்தக் கேள்வியைத்தான் கடைசியில் சொல்லிக்கொடுத்தேன். இந்த எண்ணைச் சொல்லி நாளைக்கு ஒருவர் வாதாடுவாரா? ஆம் என்றால் அது உரை, தட்டச்சு செய். இல்லை என்றால் பிரவுசர் எண்ணட்டும். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ 19(1)-ல எஃப் இருந்த எடத்துல என்ன போடணும்?” என்று கேட்டான். அச்சுப் பிரதிகளில் அங்கே நீக்கப்பட்டது என்பதற்கு ஒரு குறியும், எந்தத் திருத்தம் நீக்கியது என்று ஓர் அடிக்குறிப்பும் இருக்கும். அதையே நாமும் போடுவோம் என்றேன். ஈ, பிறகு ‘(எஃப்) நீக்கப்பட்டது’, பிறகு ஜி. ஒரு வரி வீணாகிறதே என்று டிசைனர் கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.